உச்ச சுரத்துக்கு முந்தைய நாள்

அவனை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அத்தான். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், ஒரு நாள் காலை மாடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பதறி, பாதி மழித்த முகத்தோடு தெருவுக்கு ஓடித் தீயணைப்பு வண்டி எங்கே என்று தேடியிருக்கிறார். மாடியில் மச்சினன் குரல் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

கீழே சலவைக்கூடம், மேலே வீடு. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அக்காவும் அத்தானும் வெளுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சைரன் காலையில் அவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு இசைக் கல்லூரிக்குப் போவான். துவைக்கும் இயந்திரங்கள் இரைகிற இடத்தில் எவ்வளவு உரக்கப் பாடினாலும் பக்கத்து வீட்டில் முகம் சுளிக்க மாட்டார்கள். நீராவி தொண்டைக்கும் இதமாக இருந்தது. அவன் குரல் டெனர் வகை. ஆண் குரல்களில் மேலே மேலே ஏறிப் போகிற குரல் அது. ஏறுவது பெரிதில்லை, ஏறிய இடத்தில் கால் நடுங்காமல் நிற்க வேண்டும். அவன் நின்றான்.

கல்லூரியை முடித்த வருஷம் ஒரு போட்டியில் முதலாவதாக வந்தான். நடுவர்களில் ஒருவர் இசைத்தட்டு நிறுவனமொன்றின் தயாரிப்பாளர். குட்டையாக முடி வெட்டிய, அதிகம் சிரிக்காத பெண்மணி. மறுவாரம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இத்தாலிய ஆப்பராவிலிருந்து உங்க குரலுக்கு ஏத்த ஆரியாக்களா எடுத்து ஒரு தட்டு போடலாம்னு இருக்கோம். முழு இசைக்குழுவோட. செய்யுறீங்களா?"

அவன் "செய்யுறேன்" என்று சொன்னது கீழே அத்தானுக்கே கேட்டது.

பாட்டாலேயே நடத்தும் மேற்கத்திய நாடகமான ஆப்பராவில் கதை ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஒரு பாத்திரம் நின்று மனதில் உள்ளதைக் கொட்டித் தனியாகப் பாடுவதுதான் ஆரியா. இதை அவன் சாப்பாட்டு மேசையில் பொறுமையாக விளக்கினான். இசைக்குழுவை ஒரு கண்டக்டர் நடத்துவார் என்றும் சொன்னான்.

"கண்டக்டரா? அப்ப நாங்க வந்தா டிக்கெட் எடுக்கணுமா?" என்றார் அத்தான். அந்த ஒரு ஜோக்கை வைத்து ஒரு மாதம் ஓட்டினார்.

பதிவுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது.

சலவைக்கூடத்தில் ஒரு பெரிய உருளை இயந்திரம் இருந்தது. ஈர விரிப்பின் ஓரத்தை இருவர் பிடித்து உள்ளே விட்டால், சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் தகடு போல வெளிவரும். அன்று கூட நிற்க வேண்டிய பெண் வரவில்லை. அக்கா தனியாகவே விரிப்பை விட்டுக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் மாட்டியிருந்த சட்டையின் கை நுனி துணி மடிப்போடு சேர்ந்து உள்ளே போயிற்று. அவள் இழுத்தாள், வரவில்லை. இயந்திரத்தை நிறுத்த இழுக்கும் கயிறு எட்டாத பக்கத்தில் இருந்தது. கூடத்தின் மறுகோடியில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த சைரன் தற்செயலாகத் திரும்பியவன், அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"நிறுத்துங்க!"

எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்தக் கத்தல் வாசலில் வண்டிக்குள் குனிந்திருந்த அத்தானுக்குக் கேட்டது. என்ன ஏது என்று பார்க்காமல் ஓடிவந்து அவர் கை வைத்தது வாசலோரமிருந்த மெயின் சுவிட்சில். கூடமே அடங்கிப் போயிற்று. அக்காவின் விரல்கள் உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சூட்டில் புறங்கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். அத்தான் கத்திரிக்கோலை எடுத்துவந்து சட்டைக் கையை வெட்டினார். 

மறுநாள் காலை எழுந்து "அக்கா, காபி" என்று கேட்கப் போன சைரனுக்குக் குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டில் ஒன்று வெள்ளையாக இருந்தது. மற்றது தக்காளிச் சாறு கொட்டியது போலச் சிவந்திருந்தது.

"ஒரேயடியா கத்தினதுல ஒரு சின்ன ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. ரெண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு கூட பேசக் கூடாது. அப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம். பாடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா என்கிட்ட வந்து காட்டணும்."

அந்த இரண்டு வாரம் வீடு விசித்திரமாக இருந்தது. சைரன் கையை ஆட்டிப் பேசினான். விரிப்பு வாங்க வரும் விடுதிக்காரர்கள் "தம்பிக்குக் காதல் தோல்வியா?" என்று அக்காவிடம் தனியாக விசாரித்தார்கள். "தட்டு போடப் போறான்ல, தலைக்கனம்," என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். அக்கா விரிப்புகளை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள். அவன் தூங்குகிறான் என்று நினைத்து ஒருமுறை அத்தானிடம், "என் கை போயிருந்தாக்கூட பரவாயில்லைங்க," என்றாள். "லூசு மாதிரி பேசாத," என்றார் அத்தான். அவன் தூங்கவில்லை. எழுந்து போய் ஏதாவது சொல்லலாம் என்றால், சொல்லவும் முடியாது.

குரல் திரும்பி வந்தது. முதலில் பேச்சு, பிறகு முனகல், பிறகு பாட்டு. கீழ்ப் பாதியும் நடுப் பாதியும் பழையபடி இருந்தன. மேலே ஏறும்போதுதான் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. வலியில்லை. ஆனால் அந்தச் சிவப்பு நாண் கண் முன்னால் வந்து நின்றது.

"நிறுவனத்துல சொல்லிடுடா," என்றாள் அக்கா.

"தொண்டை போச்சுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா போதும், அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கக்கா. முதல் தட்டு இது."

"டாக்டர்கிட்டயாவது போய்க் காட்டு."

போனான். மருத்துவமனை வாசல் வரைக்கும் போனான். கண்ணாடிக் கதவில் கை வைத்தபோது, 'இன்னும் ஆறல, பாடக் கூடாது' என்று மருத்துவர் சொல்லும் குரல் காதில் கேட்டுவிட்டது. தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"என்ன சொன்னார்?"

"நல்லாயிருக்குன்னார்."

அக்கா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதிவு ஒரு பழைய கூட்ட மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை அகற்றிவிட்டு, மரத் தரையில் இசைக்குழுவை அரைவட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். அவன் நிற்க நடுவில் ஒரு கம்பளத் துண்டு, அதற்கு மேலே ஒலிவாங்கிகள். பக்கத்து அறையில் தயாரிப்பாளரும் ஒலிப் பொறியாளரும் உட்கார்ந்து கேட்பார்கள். அங்கிருந்து தயாரிப்பாளர் பேசுவது சுவரிலிருந்த ஒரு ஒலிபெருக்கி வழியாக வரும். இசைக்குழு நடத்துநர் வாட்டசாட்டமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் வறுகடலை வைத்திருப்பார். தடவைக்கும் தடவைக்கும் நடுவே அதைக் கொறிப்பார். கொறிக்கும் சத்தம் ஒலிவாங்கியில் விழுகிறது என்று பொறியாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதல் நாளும் அடுத்த நாளும் பாடல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தப்பு என்று எதுவுமில்லை. சுருதி விலகவில்லை, தாளம் தவறவில்லை. இசைக்குழுவில் சிலர் வயலின் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் உச்சம் வரும் இடத்தில் அவன் அரை அடி பின்வாங்கினான். தொட்டான், உடனே விட்டான். சுவர் ஒலிபெருக்கி ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நன்றி, அடுத்தது" என்றது. அந்த மௌனம் அவனைத் தின்றது.

எல்லாவற்றிலும் கடினமான ஆரியாவைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதில் இசைக்குழு முழுக்க அடங்கிவிட, பாடகன் தனியாக ஏறி உச்ச சுரத்தில் நின்று பிடிக்க வேண்டும். ஒதுங்க இடமில்லை.

அதைப் பாட வேண்டிய நாள் காலையில் மூன்று முறை ஆரம்பித்தார்கள். மூன்று முறையும் உச்சத்துக்கு முந்தைய வரியில் அவனே நின்றுவிட்டான்.

"மன்னிக்கணும். தண்ணி குடிச்சுட்டு வரேன்."

"சாப்பாட்டுக்கு விடலாம்," என்றது ஒலிபெருக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வந்தாள். காலையில் அவன் எதுவும் சாப்பிடாமல் கிளம்பியதால் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி வந்துவிட்டாள். தாழ்வாரத்தில் முதலில் எதிர்ப்பட்டது தயாரிப்பாளர்.

"நீங்க அவரோட அக்காவா? ஒண்ணு கேக்கலாமா? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"போட்டியில நான் கேட்ட ஆள் இவர் இல்ல. எதையோ நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு பாடுறார். உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"தொண்டை ஆறிடுச்சே! டாக்டர் பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாரே!" என்று அக்கா சொல்லி முடித்த பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

தயாரிப்பாளர் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தார். "உட்காருங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். உருளை இயந்திரம், சட்டைக் கை, அந்தக் கத்தல், சிவந்த நாண். முகம் கழுவிவிட்டு வந்த சைரன் தாழ்வாரத்தின் முனையில் நின்று பாதியைக் கேட்டான். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அக்கா புறங்கையை நீட்டி, "இந்தக் கைக்காகத்தான் மேடம். அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சியதைக் கேட்டதும் கால் தானாக முன்னால் வந்தது.

"அக்கா... நான் டாக்டரைப் பார்க்கல."

"என்னது?"

"வாசல் வரைக்கும் போனேன். பயமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

அக்கா எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே தயாரிப்பாளர் நினைத்தார்.

"ஏண்டா, கழுதை வயசாச்சு, பொய் சொல்லத் தெரியுது, ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளத் தெரியலையா? நான் வீட்ல நிம்மதியா உருட்டி உருட்டிச் சாப்பிட்டுட்டு இருந்தேனேடா! உனக்கு உள்ள என்ன ஆச்சோன்னு தெரியாமலே..."  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சைரன் தயாரிப்பாளரைப் பார்த்தான். "தெரிஞ்சே மறைச்சுட்டேன். தட்டு வேணாம்னு நீங்க சொன்னாலும் நியாயம்தான்."

 அவன் எதிர்பார்க்காத விதமாகத் தயாரிப்பாளர் நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா. நான் மூணு நாளா என்ன நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? போட்டியில கேட்டது என் காதோட கோளாறுன்னு நினைச்சேன். ஆளைத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டோமோன்னு. தொண்டைன்னா பார்த்துக்கலாம். அதுக்கு டாக்டர் இருக்கார். முதல்ல அவரைக் கூப்பிடுங்க."

"இசைக்குழு எல்லாரும் காத்திருக்காங்களே?"

"அதை எங்கிட்ட விடுங்க."

மண்டபத்துக்குள் போய் நடத்துநரிடம் இரண்டு வார்த்தை பேசினார். நடத்துநர் கடலையை விழுங்கிவிட்டு உற்சாகமாக நிமிர்ந்தார். "அப்ப இன்னிக்கு மத்தியானம் பாட்டுக்காரர் இல்லாம நாங்களே வாசிக்கலாமா? தட்டுக்கு நடுவுல ஒரு இடையிசை போடலாம்னு முதல் நாள்லேருந்து சொல்லிட்டு இருக்கேன், யார் கேட்டீங்க? தம்பி, நீங்க மெதுவா வாங்க. அவசரமே இல்ல!"

மருத்துவர் அன்று மாலையே வரச் சொன்னார். அக்காவும் தம்பியும் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தார்கள். டிபன் பாத்திரம் இருவருக்கும் நடுவில் நாற்காலியில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். கோபம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் சாப்பிடலாம் என்று அர்த்தம். அவன் சாப்பிட்டான்.

அதே குழாய், அதே திரை. சைரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஈ... ன்னு சொல்லுங்க. இன்னும் மேல. இன்னும் மேல போங்க. பரவாயில்ல, போங்க."

போனான்.  மருத்துவர் குழாயை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"டாக்டர், ஏதாவது...?"

"காயம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்னு நீங்கதான் சொன்னீங்க."

"அதான் தேடுறேன். கிடைக்கல." அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க."

சைரன் கண்ணைத் திறந்தான். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள். புதிதாக வெளுத்து மடித்து வைத்த துணியின் ஓரம் போல, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. எது இடது என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

"எப்பவோ ஆறிடுச்சு. பதிவுக்கு முன்னாடியே வந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். தைரியமா பாடுங்க. இப்படிப் பிடிச்சுப் பிடிச்சுப் பாடுறீங்க பாருங்க, அதைத் தொடர்ந்து செஞ்சாதான் தொண்டை கெடும்."

அக்கா அழ ஆரம்பித்தாள். மருத்துவர் பழக்கப்பட்டவர் போல டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "நல்ல சேதி சொன்னாதான் இந்தப் பெட்டி சீக்கிரம் காலியாகுது," என்றார்.

வெளியே வந்ததும் தெருவோரக் கடையில் இருவரும் தேநீர் குடித்தார்கள். சைரனுக்கு உடம்பு இறகு போல இருந்தது. தோளில் இத்தனை நாள் எதையோ தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்பது அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு நீ அத்தான்கிட்ட சொன்னதைக் கேட்டேன். கை போனா பரவாயில்லைன்னு."

அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"குரல் போயிருந்தா நான் வருத்தப்பட்டிருப்பேன்தான். இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா கத்தினதுக்காக வருத்தப்பட்டிருக்கமாட்டேன். நீ அதைப் போட்டு மனசுல உருட்டாத."

"சரி, சரி. பெரிய மனுஷன் மாதிரி பேசாத. ஆறிப் போகுது, குடி."

மறுநாள் மண்டபத்தில் அக்காவைப் பொறியாளரின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டதும் அவள் சிலை போல ஆனாள்.

சைரன் கம்பளத் துண்டின் மேல் நின்றான். நடத்துநர் கோலை உயர்த்தினார். முதல் முறை உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். வயலின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தைய நாளாக இருந்திருந்தால் சைரன் அந்த நாற்காலிக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பான். இன்று, "ஐயோ, வந்துட்டு இருந்துச்சே!" என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். இசைக்குழுவே சிரித்தது.

மறுபடி ஆரம்பித்தார்கள். இசைக்குழு அடங்கியது. அவன் ஏறினான். பின்னாலிருந்து யாரும் இழுக்கவில்லை. உச்சத்தில் குரல் விரிந்து மண்டபத்தின் கூரை வரைக்கும் போய் நின்றது. அவன் விடவில்லை. நடத்துநர் கோலை அந்தரத்தில் பிடித்தபடி, போதும் என்று சொல்ல மனமில்லாமல் காத்திருந்தார். கடைசியில் அவனே மெதுவாக இறக்கி வைத்தான்.

சுவர் ஒலிபெருக்கி மௌனமாக இருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"மன்னிக்கணும்," என்றது ஒலிபெருக்கி. "பொத்தானை அமுக்க மறந்துட்டேன். இதுதான். இதுதான் நான் போட்டியில கேட்டது." கொஞ்சம் இடைவெளி. "உங்க அக்கா என்னமோ சொல்றாங்க."

"டேய்!" என்று அக்காவின் குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. "நல்லா இருந்துச்சுடா!"

பிறகு முதல் நாள் பாடியதில் இரண்டை அவனாகவே கேட்டுக்கொண்டு மறுபடி பாடினான். நடத்துநரின் இடையிசையும் தட்டில் இடம்பிடித்தது. தட்டு வெளிவந்தபோது ஒரு பத்திரிகையில் 'அவசரமில்லாத குரல்' என்று எழுதினார்கள். ஒரு ஆப்பரா குழு அவனைச் சின்னப் பாத்திரம் ஒன்றுக்குக் கூப்பிட்டது. அவன் போனான். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று மாலை அத்தான் சலவை வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஆமா," என்றாள் அக்கா, "அந்தக் கடைசிப் பாட்டுல அப்படி என்னதான் சொல்றான்?"

"ஒருத்தன் ஒரு பொண்ணு வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு, கதவைத் திறன்னு கேக்குறான்."

"திறந்தாளா?"

"அது அடுத்த அங்கத்துல வரும்."

"அப்ப இந்தப் பாட்டு முழுக்க?"

"கேட்டுட்டே நிப்பான்."

அத்தான் கியரை மாற்றினார். "மச்சான், அவ்வளவு பெரிசா கத்தியும் திறக்கலைன்னா அந்த வீட்ல ஆளே இல்லடா. வீடு காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள். சைரனும் சிரித்தான். சிக்னலில் விளக்கு பச்சையானதை மூவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற பேருந்து பொறுமையிழந்து ஹாரன் அடிக்க, அத்தான் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார்.